இனி குணமாக்கும் சிகிச்சை இல்லை என்று குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய பிறகு

கேள்வி: அக்காவின் மகளுக்கு ஏழு வயது, எடை 18 கிலோ. இரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை. இரண்டரை வருடச் சிகிச்சை முடிந்த ஐந்தாம் மாதமே திரும்பி வந்தது. மறுபடி கீமோ கொடுத்தும் அடங்கவில்லை. "இனி குணமாக்கும் சிகிச்சை இல்லை, வீட்டில் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கால் வலிக்கிறது என்று இரவெல்லாம் அழுகிறாள். அக்காவும் மாமாவும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. குழந்தைக்கு எதுவும் தெரியக்கூடாது என்கிறார் பாட்டி. அவளுடைய அண்ணனுக்குப் பத்து வயது. அவனை என் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? நான் சித்தி. என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்:

முதலில் வலி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். குழந்தை இரவெல்லாம் அழும் வீட்டில் யாரும் யாரோடும் நிதானமாகப் பேச முடியாது. அக்காவும் மாமாவும் பேசாமல் இருப்பதில் பாதி தூக்கமின்மையாகக்கூட இருக்கலாம்.

வலிக்கு வழி தேடும்போதே கூடவே இன்னொன்றையும் முடித்துவிடுங்கள். "வேறு எங்காவது காட்டியிருக்கலாமோ" என்ற கேள்வி பின்னால் பல வருடம் அரிக்கும். அதனால் இரண்டாம் கருத்து ஒன்று கேளுங்கள், ஒரே ஒரு முறை, ஒரு வாரத்துக்குள். குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம். மாமா கோப்போடு போனால் போதும். முதல் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, ஃப்ளோ சைட்டோமெட்ரி (நோய்ச் செல்லின் வகையைச் சொல்லும் பரிசோதனை) அறிக்கை, நோய் திரும்பியபோது எடுத்த மஜ்ஜை அறிக்கை, என்னென்ன கீமோ எப்போது கொடுத்தார்கள் என்ற சுருக்கம், கடைசி இரத்த எண்ணிக்கை ஆகிய ஐந்தும் கோப்பில் இருக்க வேண்டும். அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி. போன்ற குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவு உள்ள இடங்களில் இதைப் பார்த்துச் சொல்வார்கள். பதில் பெரும்பாலும் மாறாது. ஏ.எல்.எல். முதல்முறை வரும்போது பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்ற முடிகிற நோய்தான். ஆனால் சிகிச்சை முடிந்த ஆறு மாதத்துக்குள் மஜ்ஜையிலேயே திரும்பி, அடுத்த கீமோவுக்கும் அடங்காவிட்டால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் கைகொடுப்பதில்லை. மாற்றுவதற்கு முன் நோய் அடங்கியிருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களையே மாற்றி நோய்மேல் ஏவுகிற, 2023இல் இந்தியாவில் அனுமதி பெற்ற கார்-டி செல் சிகிச்சையைப் பற்றி வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்புவார்கள். அந்த அனுமதி 15 வயது முதல் உள்ளவர்களுக்கு. சிறு குழந்தைகளுக்கு ஆய்வு நிலையில் ஏதாவது உண்டா என்று அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அங்கும் இதே பதில் வந்தால் தேடலை நிறுத்திவிடுங்கள். உறவினர்கள் "அந்த ஊரில் ஒரு வைத்தியர்" என்று தொடங்குவார்கள். பப்பாளி இலைச் சாறு கொடுங்கள், பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் அணு) ஏறும் என்பார்கள். இங்கே பிளேட்லெட் குறைவது அதை உண்டாக்கும் மஜ்ஜையை நோய் அடைத்துக்கொண்டதால். சாறு அங்கே ஒன்றும் செய்யாது. கசப்பில் குழந்தை குமட்டுவதுதான் மிச்சம். நகையை அடகு வைத்து அந்த வைத்தியத்துக்குப் போகும் பணம், பிறகு அவள் அண்ணனின் பள்ளிக் கட்டணத்தில் இடிக்கும்.

இனி வலி. மஜ்ஜைக்குள் நோய்ச் செல்கள் நெருக்கி எலும்பை உள்ளிருந்து அழுத்துவதால் வரும் வலி இது. கால், முதுகு, இடுப்பு எல்லாம் வலிக்கும், இரவில் கூடும். பாரசிட்டமால் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் போதாது. அதைக் கொடுப்பதானால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., 18 கிலோவுக்கு 270 மி.கி., நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது. சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மி.கி. உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பாட்டிலை மாற்றி வாங்கிவிட்டுப் பழைய அளவிலேயே கொடுப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. இது காய்ச்சலை வெளியே தெரியாமல் மறைத்துவிடுமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் வேண்டாம். பிளேட்லெட் குறைந்த குழந்தைக்கு அவை இரத்தக் கசிவை வரவழைக்கும். அதே காரணத்துக்காக, பக்கத்து கிளினிக்கில் இடுப்பில் வலி ஊசி போடவும் விடாதீர்கள்.

இந்த வலிக்கு உரிய மருந்து மார்ஃபின். பெயரைக் கேட்டதும் வீட்டில் மூன்று பயம் எழும். போதைக்கு அடிமையாகிவிடுவாளோ? வலிக்காக மருத்துவர் எழுதிய அளவில் கொடுக்கும்போது இந்தக் கட்டத்தில் அது ஒரு கவலையே இல்லை. இது கடைசி மருந்தோ? இல்லை, எலும்பு முறிந்த குழந்தைக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்த குழந்தைக்கும் கொடுப்பதே இது. மூச்சை நிறுத்திவிடுமோ? குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றினால் அப்படி ஆகாது. உண்மையான சிக்கல் கிடைப்பதில்தான். ஊர் மருந்துக்கடையில் இது இருக்காது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பல வருடம் இதைக் கட்டிப்போட்டிருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இருப்பு வைப்பதை எளிதாக்கினார்கள். ஆகவே புற்றுநோய் மையத்தின் வலி நிவாரணப் பிரிவிலோ, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் வலி மற்றும் ஆதரவு சிகிச்சைப் பிரிவிலோ பதிந்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவு சிகிச்சைக்கான செவிலியர் வீட்டுக்கே வருவதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையின் பெயரைக் கொடுத்துவிடுங்கள். பொங்கல், தீபாவளி என்று தொடர் விடுமுறை வந்தால் மாத்திரை தீர்வதற்கு ஐந்து நாள் முன்பே வாங்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை தீர்ந்துபோய் ஞாயிறு முழுக்க குழந்தை துடிப்பது தவிர்க்கக்கூடிய கொடுமை.

கொடுக்கும் முறைக்கு வருவோம். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை நான்கு மணி நேரம். அதனால் வலி வந்த பிறகு தேடிக் கொடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, 2. அளவை எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்வார். சிரப் கிடைக்காத இடங்களில் 10 மி.கி. மாத்திரையை 10 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒரு மில்லிக்கு ஒரு மி.கி. என்று ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுக்கச் சொல்வார்கள். மருத்துவர் 3 மி.கி. என்றால் 3 மில்லி. மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு வேளையும் புதிதாகக் கரையுங்கள், நன்றாகக் கலக்கிய பிறகு உறிஞ்சுங்கள். மெதுவாகக் கரையும் நீண்ட நேர மாத்திரை வேறு. அதைப் பொடித்தால் பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய்விடும், பொடிக்கவே கூடாது. இரண்டு வேளைக்கு நடுவில் வலி எட்டிப்பார்த்தால் கொடுக்க ஒரு கூடுதல் அளவை எழுதி வாங்குங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு முறை அது தேவைப்பட்டால் வழக்கமான அளவு போதவில்லை என்று பொருள். தொலைபேசியில் சொன்னால் ஏற்றித் தருவார்கள். இதற்காகத்தான் நோட்டுப் புத்தகம் ஒன்று வேண்டும்: நேரம், கொடுத்த அளவு, வலிக்கு அவளே சொல்லும் மதிப்பெண். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் ஏழு வயதில் சிலர் சொல்வார்கள், சிலருக்குச் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஆறு படம் வரைந்து காட்ட வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் அதிகம் தூங்குவாள். பல நாள் தூக்கக் கடனும் அதில் சேர்ந்திருக்கிறது, பயப்பட வேண்டாம். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மிகவும் மெதுவாகி, கண்மணி ஊசி முனையாகச் சுருங்கியிருந்தால் மட்டும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே அழையுங்கள். அரிப்பும் குமட்டலும் சில நாளில் அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்கவே அடங்காது. மார்ஃபின் தொடங்கும் அன்றே லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இதை விட்டுவிட்டு ஐந்தாம் நாள் வயிறு கல்லாகி, "மார்ஃபின் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்துகிற வீடுகள் அதிகம். ஆசனவாயில் எனிமாவோ மருந்தோ வைப்பதை மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். வெள்ளை அணு எண்ணிக்கை குறைந்த குழந்தைக்கு அங்கிருந்து கிருமி ஏறும். மார்ஃபினுக்கும் மேலே வலி நின்றால் ஸ்டீராய்டு, அல்லது வலிக்கும் எலும்புக்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சு என்று வழிகள் இருக்கின்றன. கேளுங்கள், கேட்காவிட்டால் "வீட்டில் சமாளிக்கிறார்கள்" என்றே நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்து, இரவு இரண்டு மணிக்கு முடிவெடுக்க முடியாத விஷயங்களைப் பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள். மூக்கில் இரத்தம் வந்து நிற்காவிட்டால் பிளேட்லெட் ஏற்றப் போவதா? ஏற்றினால் சில நாள் தாங்கும், விளையாடுவாள் என்ற கட்டத்தில் போகலாம். ஊசி குத்தவே அலறும் கட்டத்தில் வீட்டிலேயே இருக்கலாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், குணமாகும் வாய்ப்புள்ள நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்று ஓடியிருப்பீர்கள். இப்போதும் ஓடுவதா, வீட்டிலேயே வாய்வழி மருந்து போதுமா? மூச்சுத் திணறினால் 108ஐ அழைப்பதா? அழைத்தால் வண்டி வரும், அவர்கள் வேலை உயிரைப் பிடித்து நிறுத்துவது; தொண்டையில் குழாயோடு ஐ.சி.யூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தையும் இந்தப் பக்கம் தாயுமாக அது முடியக்கூடும். வேண்டாம் என்று முடிவெடுத்தால், நோய் என்ன, எந்த நிலை, செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று பெற்றோர் முடிவெடுத்திருப்பது ஆகியவற்றை மருத்துவர் கையெழுத்திட்ட கடிதமாக வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். காப்பீட்டுத் திட்ட அட்டையும் அதே உறையில் இருக்கட்டும். பதறிப்போய் அழைப்பது பெரும்பாலும் அன்று இரவு தங்க வந்த ஒரு மாமாவாகவோ பெரியப்பாவாகவோ இருப்பார். அவருக்கும் சொல்லிவையுங்கள். இரத்தக் கசிவுக்கென்று அடர் சிவப்பு, பழுப்பு நிறத் துண்டுகள் நாலைந்து வாங்கி அவள் பக்கத்தில் வையுங்கள். வெள்ளைத் துண்டில் கொஞ்ச இரத்தம்கூடக் கொட்டியதுபோல் தெரியும்; பார்த்ததும் அவளே மிரண்டுபோவாள்.

இப்போது பாட்டி சொல்வதற்கு வருவோம். குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும். இது கடினமாக ஒலிக்கலாம், ஆனால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1970களில் அமெரிக்காவில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் இரத்தப் புற்றுநோய் வார்டில் மூன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளோடு மாதக்கணக்கில் இருந்து பார்த்தார். யாரும் சொல்லாமலே அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். பெரியவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர்களும் நடித்தார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவது, கேட்டதெல்லாம் வாங்கித் தருவது, பள்ளி பற்றி யாரும் பேசாதது, பக்கத்துப் படுக்கைப் பையன் திரும்பி வராதது, இவ்வளவும் பார்த்த ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியாதா? மறைப்பதால் கிடைக்கும் பலன் ஒன்றுதான்: அந்தப் பயத்தோடு அவள் தனியாக இருப்பாள்.

சுவீடனில் 1992 முதல் 1997 வரை புற்றுநோயால் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் கேட்டு, 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. பிள்ளையோடு சாவைப் பற்றிப் பேசியவர்கள் 147 பேர். அவர்களில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். பிள்ளைக்குத் தெரிந்திருந்தது என்று உணர்ந்தும் பேசாமல் விட்டவர்களிடம் அந்த வருத்தம் இன்னும் கூடுதல். பாட்டியிடம் இந்த எண்ணிக்கையைச் சொல்லிப் பயனில்லை. "நாமாகப் போய்ச் சொல்ல வேண்டாம், அவள் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான பெரியவர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள்.

அந்தக் கேள்வி நேருக்கு நேர் உட்காரும்போது வராது. குளிக்க வைக்கும்போது, பைக்கில் போகும்போது, விளக்கணைத்த பிறகு வரும். "அம்மா, நான் செத்துப் போயிடுவேனா?" என்பாள். "சீ, வாயைக் கழுவு" என்று விட்டால் இரண்டாம் முறை கேட்க மாட்டாள். முதலில் திருப்பிக் கேளுங்கள்: "உனக்கு எதனால அப்படித் தோணுச்சு கண்ணு?" சில சமயம் அவள் கேட்பது வேறாக இருக்கும்: வலிக்குமா, தனியாக விட்டுவிடுவீர்களா, இருட்டாக இருக்குமா. அவள் சொல்லும்வரை பொறுத்திருங்கள். பிறகு: "மருந்தால நோயை விரட்ட முடியலடா. வலிக்காம பார்த்துக்க மருந்து இருக்கு. அம்மா எங்கயும் போக மாட்டேன், உன் பக்கத்துலயே இருப்பேன்." இந்த மூன்றும் உண்மை, மூன்றாவதைத்தான் அவள் அதிகம் தேடுகிறாள். அழுகை வந்தால் அவள் எதிரே அழலாம். சில குழந்தைகள் கேட்டு முடித்த அடுத்த நிமிடம் "கார்ட்டூன் போடு" என்பார்கள். புரியவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வயதில் துக்கம் அப்படித்தான் துண்டு துண்டாக உள்ளே போகும்.

நாத்திக வீடோ பக்தி வீடோ, சொற்களில் கவனம் வேண்டும். "தூங்கிடுவா" என்றால் அவளும் தூங்கப் பயப்படுவாள், அண்ணனும் பயப்படுவான். "சாமி கூட்டிக்கும்" என்பதை மட்டும் சொன்னால், நல்ல பிள்ளைகளைச் சாமி தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அண்ணன் கோயில் பக்கம் போக மாட்டேன் என்பான். "ஊருக்குப் போயிருக்கா" என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். உடம்பு வேலை செய்வது நின்றுவிடும், மூச்சு நிற்கும், வலி இருக்காது, திரும்ப வர முடியாது என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதற்கு மேல் உங்கள் வீட்டு நம்பிக்கை எதுவோ அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பத்து வயதுப் பையனைக் கூட்டிவர வேண்டாம். இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் இதுவே. ஒரு மாதம் சித்தி வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால் தங்கை இல்லை என்பது, பார்த்துக்கொண்டே இருந்து இழப்பதைவிட மோசம். பத்து வயதில் சாவு மாற்ற முடியாதது என்று முழுதாகத் தெரியும். அவனிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: தங்கச்சிக்கு மருந்து கேட்கவில்லை, அவள் இறந்துவிடுவாள், எப்போது என்று யாருக்கும் தெரியாது. கூடவே அவன் கேட்காமலே மூன்று சொல்ல வேண்டும். உன்னால் வந்ததல்ல, எப்போதோ "நீ செத்துப் போ" என்று சண்டையில் சொன்னது அவன் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். உனக்கு ஒட்டாது. உன்னைப் பார்த்துக்கொள்ள இன்னார் இருக்கிறார்கள், காலையில் பள்ளிக்கு இன்னார் கொண்டுவிடுவார். பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர் எடுத்துத் தருவது, கதை படித்துக் காட்டுவது, வலி மதிப்பெண்ணை நோட்டில் எழுதுவது. மார்ஃபின் அளக்கும் வேலை மட்டும் கூடாது. அதைப் பூட்டி வையுங்கள். பள்ளி தொடரட்டும், வகுப்பு ஆசிரியருக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவனுக்கு அம்மை போட்டால் மட்டும் அன்றே பிரித்து உங்கள் வீட்டுக்குக் கூட்டிவாருங்கள். வேப்பிலை கட்டட்டும், ஆனால் அதே நாளில் குழந்தையின் மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். கீமோ எடுத்த பிள்ளைக்குச் சின்னம்மை கொல்லக்கூடிய நோய், அதற்கான மருந்து உடனே தொடங்கினால்தான் பலன்.

அக்கா, மாமா விஷயத்தில் பஞ்சாயத்து வைக்காதீர்கள். அக்கா அழுது தீர்க்கிறார், மாமா வேலைக்கு ஓடுகிறார். "அவருக்கு வலியே இல்லை" என்று இவரும், "இவளைப் பார்த்தால் எனக்குத் தாங்கவில்லை" என்று அவரும் நினைக்கிறார்கள். ஒரே துக்கம்தான், இரண்டு பேரிடமும் இரண்டு விதமாக வெளிவருகிறது. வாயால் பேச வைப்பதைவிட வேலையைப் பங்கிட்டுத் தருவது பலிக்கும். இரவு 10, 2 மணிக்கு மருந்து கொடுக்கும் வேலை மாமாவுக்கு. அந்த நேரத்தில் நீங்கள் இருந்து அக்காவைத் தூங்க வையுங்கள். நாளுக்கு ஒரு முறை நோட்டைப் பார்த்து இருவரும் பேசிக்கொள்ளட்டும், வலி எத்தனை, சாப்பிட்டாளா என்பதோடு நின்றாலும் சரி. கடன் எவ்வளவு, எந்த நகை எங்கே இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பணத்தை மறைத்துவைப்பதுதான் பின்னால் பெரிய சண்டையாக வெடிக்கிறது. "யார் கண்ணு பட்டதோ", "மாசமா இருக்கும்போது கிரகணம் பார்த்தாயா" என்று அக்காவைக் குத்தும் பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்துவது உங்கள் வேலை. ஏ.எல்.எல். யாரும் செய்ததாலும் செய்யாததாலும் வருவதில்லை. பார்க்க வருகிற கூட்டத்துக்கு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். "என்ன செய்யட்டும்" என்று கேட்பவரிடம் தயங்காமல் வேலை சொல்லுங்கள்: இரத்த வங்கிக்குப் போய்ப் பிளேட்லெட் தானம், மூன்று நாள் சாப்பாடு, பையனுக்கு டியூஷன். பிளேட்லெட் ஐந்து நாள்தான் கெடாமல் இருக்கும். எல்லோரும் ஒரே நாளில் போகாமல் வரிசை போட்டுக்கொள்ளட்டும்.

இந்த நாட்களில், அவளுக்கு விருப்பமிருந்தால், கை அச்சு எடுத்து வையுங்கள். வாட்டர் கலர் தடவி வரைபடத்தாளில் அழுத்தினால் போதும். அவள் குரலைப் பதிவு செய்யுங்கள். அக்கா ஃபோனில் உள்ள படங்களை இன்றே வேறு இடத்திலும் நகலெடுத்து வையுங்கள். ஃபோன் தொலைந்து, ஒரு படமும் மிஞ்சாமல் போனவர்களின் வேதனைக்கு மருந்தில்லை.

கடைசி நாட்கள் நெருங்கும்போது நாளின் பெரும்பகுதி தூங்குவாள், சாப்பிட மாட்டாள். ஊட்டாதீர்கள். சாப்பிடாததால் உடம்பு ஓயவில்லை. உடம்பு ஓய்வதால்தான் சாப்பாடு இறங்கவில்லை. கை கால் குளிரும், தோலில் நீலத் திட்டுகள் வரும், சிறுநீர் குறையும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, சில நொடி நின்று மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்பவர்களுக்குத்தான் அது கொடுமை, அவளுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைச் சற்று உயர்த்தினால் குறையும். விழுங்க முடியாதபோது மருந்தை எப்படித் தொடர்வது என்று முன்பே கேட்டு வையுங்கள். தோலுக்கடியில் கொடுக்கும் வழி உண்டு. மார்ஃபினைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. இந்த நேரத்தில் யாராவது பால் ஊற்றச் சொல்வார்கள். விழுங்கும் திறன் போன வாயில் ஊற்றும் பால் நுரையீரலுக்குள் போய்த் திணற வைக்கும். பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டு வைத்தால் சடங்கும் நிறைவேறும், குழந்தையும் திணறாது. பேச்சை மட்டும் நிறுத்த வேண்டாம். காது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இறந்த பிறகு அவசரம் ஒன்றுமில்லை. போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மடியில் வைத்துக்கொள்ள அக்காவுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ கொடுங்கள். "குழந்தை சாவு, உடனே எடுத்துடணும்" என்று அவசரப்படுத்துபவர்களை வாசலிலேயே பேசி நிறுத்திவையுங்கள். சிறு பிள்ளைகளைப் புதைப்பதே நம் பல சமூகங்களின் வழக்கம். காரியமும் சுருக்கமாக முடிந்துவிடும், சில வீடுகளில் இருக்கவே இருக்காது. தாய் இடுகாட்டுக்கு வரக்கூடாது என்பார்கள். அக்கா வர விரும்பினால் வரட்டும். வழக்கத்தை மீற முடியாத இடமாக இருந்தால் இடம் எது என்று படமெடுத்து வாருங்கள், சில நாள் கழித்துக் கூட்டிப் போங்கள். அண்ணனுக்கு அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே விளக்கி, வருகிறாயா என்று கேளுங்கள். அவன் பக்கத்திலேயே நிற்க, அவனுக்கென்று ஒரு பெரியவர் வேண்டும்.

மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. ஊராட்சியில் கிராம நிர்வாக அலுவலர், நகரில் நகராட்சி அல்லது மாநகராட்சி. வீட்டில் நடந்த மரணத்துக்கு, பார்த்துவந்த மருத்துவர் 4ஏ படிவத்தில் காரணம் எழுதித் தர வேண்டும். முன்பு வாங்கிய கடிதம் இங்கே உதவும். 30 நாளைத் தாண்டினால் எழுத்துமூல அனுமதி, ஒரு வருடம் கடந்தால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் ஆணை என்று அலைய வேண்டிவரும். மீந்த மார்ஃபினைக் கொடுத்த இடத்திலேயே எண்ணித் திருப்பிக் கொடுங்கள்.

உடைகளையும் பொம்மைகளையும் பதினாறாம் நாளுக்குள் மூட்டை கட்டி யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், "பார்த்தால் அழுவாள்" என்று. கொடுக்க விடாதீர்கள். ஒரு பெட்டியில் வைத்துவிடலாம், எப்போது திறப்பது என்பதை அக்கா முடிவு செய்யட்டும். துவைக்காத ஒரு சட்டையைத் துவைக்காமலே வையுங்கள்.

துக்கத்துக்கு ஐந்து படிகள், கடைசியில் ஏற்றுக்கொள்ளல் என்று படித்திருப்பீர்கள். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகிறவர்களைப் பற்றி. இழந்தவர்களுக்கான பாடத்திட்டமாகப் பிறகு மாறிவிட்டது. உண்மையில் நடப்பது போய்வருவதுதான்: காலையில் அழுகை, மதியம் ரேஷன் கடை, மாலையில் ஏதோ ஒரு நகைச்சுவைக்குச் சிரிப்பு, சிரித்ததற்காக இரவில் குற்ற உணர்ச்சி. இரண்டு பக்கமும் போய்வருகிறவரை நல்லது. "இன்னொன்னு பெத்துக்கோ" என்பார்கள். இரண்டு பிள்ளைக்குப் பின் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட தாய்மார் நம் ஊரில் அதிகம். அதை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு, 2004 சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளை இழந்தவர்களுக்குத் தமிழக அரசே அதை இலவசமாகச் செய்தது. அக்காவும் மாமாவும் தாங்களாகக் கேட்டால் சொல்லுங்கள். முதல் மாதங்களில் நீங்களாக எடுக்க வேண்டாம்.

ஜூனில் பள்ளி திறக்கும் நாள், அவள் பிறந்தநாள், முதல் தீபாவளி, நினைவு நாள் ஆகியவற்றைக் காலண்டரில் குறித்து, அந்த நாட்களில் நீங்கள் அங்கே இருங்கள். முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். நான்காம் மாதம் ஒருவரும் இருக்க மாட்டார். சாப்பாடு, தூக்கம் இல்லாமலே வாரக்கணக்கில் போவது, நானும் அவளிடம் போகிறேன் என்பது, மாமா குடியில் இறங்குவது, பையன் படிப்பை விட்டுவிட்டு மருத்துவமனை விளையாட்டையே விளையாடுவது, ஆறு மாதம் கழிந்தும் முதல் நாள்போலவே உறைந்து கிடப்பது, இவற்றில் எதுவானாலும் மனநல மருத்துவர் தேவை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், 104இலும் பேசலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

இன்னும் சில சில்லறை வேலைகள் இருக்கின்றன, அவை அக்கா கைக்குப் போகக்கூடாது. ரேஷன் அட்டையில் பெயர் நீக்குவது, பள்ளியில் போய்ச் சான்றிதழ் வாங்குவது, அடுத்த பரிசோதனைக்கு வரச் சொல்லி மருத்துவமனைக் கணினி அனுப்பும் குறுஞ்செய்தியை நிறுத்தச் சொல்வது. இதையெல்லாம் மாமாவும் நீங்களும் முடித்துவிடுங்கள். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று பஸ்ஸில் யாராவது கேட்பார்கள், அதற்கு மட்டும் அக்கா தயாராக இருக்க வேண்டும். இரண்டு என்று சொல்லலாம், ஒன்று என்றும் சொல்லலாம், கேட்பவரைப் பொறுத்து மாற்றியும் சொல்லலாம். ஒன்று என்று சொன்ன அன்று மகளை மறுத்துவிட்டதாக அழுவார். அப்படி இல்லை என்பதை இப்போதே சொல்லி வையுங்கள்.